வெள்ளி அயனி ஸ்ப்ரே அடித்தால் தினமும் துடைக்க வேண்டாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் நீங்கள் நடத்தும் முதியோர் இல்லத்தின் கதவுப் பிடிகளுக்கும் கட்டில் கம்பிகளுக்கும் “90 நாள் காக்கும்” வெள்ளி அயனி ஸ்ப்ரே வாங்கினால், தினசரித் துடைப்பை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தக் கூடாது.

இப்படிப்பட்ட டப்பாக்களில் போடும் “99.9% கிருமி சாகும்” என்ற கணக்கு பெரும்பாலும் ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேசத் தரச் சோதனை போன்றவற்றில் வந்தது. கிருமி கலந்த நீரைப் பரப்பில் விட்டு, படலத்தால் மூடி, 35 டிகிரியில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். கிருமியைக் கொல்லும் வெள்ளி அயனி (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு) பூச்சிலிருந்து வெளிவர ஈரம் வேண்டும். உங்கள் கதவுப் பிடியோ காய்ந்து கிடக்கிறது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம்கூட அதற்கு ஈடாகாது. போதாததற்கு, கை எண்ணெயும் அழுக்கும் பூச்சை மூடிவிட்டால் கிருமி அதைத் தொடுவதே இல்லை.

செலவழித்தே தீருவதென்றால், அதிகம் தொடும் நாலைந்து பிடிகளை மட்டும் செம்பு கலந்த பித்தளைக்கு மாற்றுங்கள். செம்பு 60 சதவீதத்துக்குக் குறையாத உலோகக் கலவைகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் பதிவு செய்தது: 2 மணி நேரத்தில் 99.9% பாக்டீரியா சாகும். அதுவும் வழக்கமான துப்புரவோடு சேர்ந்தால்தான். கடைப் பித்தளையில் பெரும்பாலும் லாக்கர் (மினுக்கம் போகாமல் காக்கும் நிறமற்ற பூச்சு) பூசியிருக்கும். அதை நீக்காவிட்டால் காசு வீண். பித்தளை நிற முலாம் வேண்டவே வேண்டாம். நிஜப் பித்தளை கறுத்தால் கவலையில்லை.

தினமும் முதலில் சோப்பு நீர், பிறகு ப்ளீச். போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்சின் வேலை செய்யும் பொருள்) 3.5% என்றிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும்; பின் வெறும் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் உலோகம் அரிக்கும். அன்றன்று கலக்குங்கள். ப்ளீச்சோடு வினிகரோ அமோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு வரும்.