வெள்ளைக் கொக்குகளுக்கு நடுவே ஒரு சாம்பல் கொக்கு

கேள்வி: தூத்துக்குடிக்கு அருகில், உப்பளத்தை ஒட்டிய கடற்கழியில், வெள்ளைக் கொக்குகளோடு அதே அளவில் கருஞ்சாம்பல் நிறக் கொக்கு ஒன்று சில நாட்களாக இரை தேடுகிறது. எண்ணெய் படிந்திருக்குமோ, நோயாக இருக்குமோ என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். பிடித்துக் கழுவி விடலாமா?

பதில்: பிடிக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கரைக்கொக்கின் கருநிற வடிவமாக இருக்கும். உடல் முழுதும் கருஞ்சாம்பலாக இருந்து, தொண்டை மட்டும் வெளுத்திருந்தால் ஐயமே வேண்டாம். எண்ணெய் படிந்த பறவையின் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகத் தெரியும், அது இரை தேடுவதை விட்டு ஓயாமல் இறகு கோதிக்கொண்டிருக்கும், பறக்கவும் தடுமாறும். நாள்தோறும் சுறுசுறுப்பாக மீன் பிடிக்கும் பறவைக்கு நம் உதவி தேவையில்லை.

கூட நிற்கும் வெள்ளைக் கொக்குகள் பெரும்பாலும் சின்னக்கொக்குகளாக இருக்கும். சின்னக்கொக்கும் கரைக்கொக்கும் எக்ரெட்டா என்ற ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியைச் சேர்ந்தவை. நடுத்தர உடலும், ஒல்லியான கழுத்தும், ஈட்டி போன்ற அலகும் கொண்ட இப்பேரினத்தில் நிறத்தை மட்டும் நம்பி இனத்தைச் சொல்வது பெரும்பிழையில் முடியும். கரைக்கொக்கில் கருஞ்சாம்பல், வெள்ளை என இரு வடிவங்கள் இயல்பாகவே உண்டு. இரண்டும் கலந்த திட்டுகளோடும் சில காணப்படும். அந்தமான் கடற்கரைகளில் வாழும் பசிபிக் கரைக்கொக்கும் அப்படியே. அமெரிக்காவின் சிறு நீலக்கொக்கோ முதல் ஆண்டில் வெள்ளையாக இருந்து, பிறகே நீலச்சாம்பலாக மாறுகிறது.

ஆகவே உங்கள் கழியில் நிற்கும் வெள்ளைப் பறவைகளையும் மறுபடி உற்றுப் பாருங்கள். அவற்றுள் வெள்ளைக் கரைக்கொக்கும் இருக்கக்கூடும். சின்னக்கொக்கின் அலகு மெல்லியது, நேரானது, கறுப்பானது. கால்கள் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். கரைக்கொக்கின் அலகு சற்றுத் தடித்து, நுனியை நோக்கி இலேசாகக் கீழ்வளைந்து, பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும் கலந்திருக்கும். கால்களில் பச்சையோ பழுப்போ சாயல் தெரியும். அலகின் நிறம் பருவத்துக்கேற்ப மாறுவதால், நான் நிறத்தைவிடத் தடிமனையும் வளைவையுமே முதலில் பார்க்கச் சொல்வேன். வயலில் மாடுகளின் பின்னே திரியும் குட்டைக் கழுத்து உண்ணிக்கொக்கும், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பெரிய கொக்கும் இப்பேரினத்தில் சேராதவை. சின்னக்கொக்கு 55 முதல் 65 செ.மீ. வரைதான்.

இரை தேடும் முறையும் உதவும். கொக்கு என்றாலே அசையாமல் காத்திருப்பது என்று நாம் பழகிவிட்டோம். சின்னக்கொக்கோ மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி, மறைந்திருக்கும் மீனையும் இறாலையும் கிளப்பி, சிறகை விரித்துத் துரத்திப் பிடிக்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

இனப்பெருக்கக் காலத்தில் சின்னக்கொக்கின் பிடரியில் நீண்ட இரு இறகுகள் தொங்கும். முதுகிலும் மார்பிலும் மெல்லிய தூவிகள் முளைக்கும். அலகின் அடியில் கண்ணுக்கு முன்னுள்ள வெற்றுத்தோல் சிவக்கும். அந்தச் சிவப்பையும் காயம் என்று எண்ணிவிட வேண்டாம். இத்தூவிகளைத் தொப்பிகளில் செருகுவதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான கொக்குகள் கொல்லப்பட்டன. அதை எதிர்த்து 1889இல் இங்கிலாந்தில் பெண்கள் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொக்குகளுக்கும் காவலாக உள்ளது. பறவை உண்மையிலேயே அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஒளிப்படம் எடுப்பதானால் அலகு பக்கவாட்டில் தெரியும்படி ஒன்றும், பறந்தெழும்போது ஒன்றும் எடுத்து அனுப்புங்கள். சேற்றில் நிற்கையில் பாதத்தின் நிறம் மறைந்துவிடும். வாலுக்குப் பின்னால் கால்கள் நீளும் அந்த நொடியில்தான் அது தெளிவாகத் தெரியும்.