பக்கத்துத் தோட்டம் சைட் ஆகிவிட்டது, நம் தோட்டத்தை என்ன செய்வது?

கேள்வி: கோவைக்குக் கிழக்கே, சூலூர் வட்டத்தில் எங்கள் தோட்டம். 2 ஏக்கர் 40 சென்ட், புஞ்சை. கிணறு, ஒரு போர், 90 தென்னை, மீதியில் சோளத்தட்டு. ஊராட்சிதான், ஆனால் மாநகராட்சி எல்லை ஆறு கிலோமீட்டரில் வந்துவிட்டது. மேற்கே பக்கத்துத் தோட்டத்தில் சைட் (வீட்டுமனை) போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், சென்ட் 8 லட்சம் சொல்கிறார்கள். தரகர் ஒருவர் எங்கள் நிலத்தை அப்படியே சென்ட் இரண்டரை லட்சத்துக்குக் கேட்கிறார். இன்னொருவர், 'நிலம் உங்களுது, செலவு என்னுது, பாதிப் பாதி' என்கிறார். அண்ணனுக்கு விற்க ஆசை, எனக்கு மனமில்லை. அம்மா சாளையை (தோட்டத்து வீட்டை) விட்டு வரமாட்டேன் என்கிறார். தங்கை திருப்பூரில் இருக்கிறாள். விற்பதா, சைட் போடுவதா, பண்ணையத்தைத் தொடர்வதா?

பதில்: முதலில் தரகரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். ஓடிவிட மாட்டார். ஓடினால், அந்த விலையில் ஏதோ அவசரம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் மூவருக்கும் நடக்கும் பேச்சு விலையைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் இந்த நிலம் சட்டப்படி என்னவாக முடியும் என்பது தெரியாமல் விலை பேசுவது, மாட்டின் பல்லைப் பார்க்காமல் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவது போல. தரகர் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நகரங்களைச் சுற்றி முழுமைத் திட்டம் போடப்படுகிறது. எந்தப் புல எண் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது வேளாண்மைக்கு என்று அதில் வரையறுத்திருப்பார்கள். கோவையின் பழைய திட்டம் 1994இல் வந்தது. அடுத்த திட்டம் வர முப்பது வருடம் பிடித்தது. நகரம் அதுவரை காத்துக்கொண்டா இருந்தது? அதனால்தான் வரைபடத்தில் ஒன்றும் தரையில் இன்னொன்றுமாக நிறைய இடங்கள் இருக்கின்றன. உங்கள் புல எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய், இன்று நடைமுறையில் இருக்கும் திட்டத்தில் அது எந்த வகையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது என்பதால் உங்களுக்கும் கிடைக்கும் என்று இல்லை. வரைபடத்தில் நிலப்பயன்பாட்டின் எல்லைக்கோடு சரியாக உங்கள் பொழியில் (எல்லை வரப்பில்) ஓடலாம்.

குடியிருப்பு வகை என்றால் வேலை எளிது. வேளாண்மை வகை என்றால் முதலில் நிலப்பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், கட்டணமும் உண்டு, கிடைத்தே தீரும் என்ற உறுதியும் இல்லை. திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் அதே சட்டத்தின் 47-அ பிரிவும் 2017இல் வந்த விதிகளும் பொருந்தும். வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அங்கேயும் முன் அனுமதி வேண்டும். 'அதெல்லாம் நாங்க மாத்திக்கிறோம்' என்று தரகர் சொன்னால், மாற்றிய பிறகு ஏறும் விலை யாருக்குப் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது தடம். கொங்கு நாட்டில் பாதி நிலத் தகராறு இதில்தான் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் உங்கள் பக்கம் ஒரு தோட்டத்தை அளக்கப் போயிருந்தேன். புல வரைபடத்தில் கிழக்கோரம் நல்ல அகலமான வண்டிப்பாதை. தரையில் பார்த்தால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் ஒற்றையடித் தடம். இரண்டு பக்கத்துக் கிளுவை வேலியும் வருடத்துக்கு ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே உள்ள பாதையை, விழுங்கியிருந்தது. தோட்டக்காரர் கடப்பாரையால் வேலியடியில் குத்திக்கொண்டே போனார். ஆறாவது குத்தில் ணங்கென்று சத்தம். பொழிக்கல். அதிலிருந்து நாடா பிடித்தால், வேலிக்காரர்கள் இரண்டு பேருமே இட்டேரிக்குள் இருந்தார்கள். கல்லைத் தேடிக் கொடுத்தவரும் சேர்த்துத்தான்!

உங்கள் பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று இருந்தால் அது பிறர் நிலத்தின் மேல் நடக்கவும் வண்டி ஓட்டவும் உங்களுக்கு உள்ள உரிமை, அவ்வளவுதான். மனைப்பிரிவு அனுமதிக்கு அது பொதுச்சாலை ஆகாது. கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தத் தடம் புறம்போக்கா பட்டாவா, எத்தனை மீட்டர் அகலம் என்று பார்த்துவிட்டு, கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து எல்லையை அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். பட்டாவில் பரப்பு குறைந்திருந்தாலோ பங்காளி பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலோ பெரும்பாலும் 1980களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புப் பணியில் விழுந்த பிழையாக இருக்கும். அதைத் திருத்தாமல் எந்தப் பேச்சுக்கும் போகாதீர்கள்.

இப்போது, பலரும் பார்க்கத் தவறும் ஒரு விஷயம். மேற்கே உள்ள மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதன் தெரு ஏதாவது உங்கள் பொழியில் வந்து முட்டுகிறதா? அனுமதி பெறும்போது சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்த தெரு உங்கள் எல்லைவரை வந்தால், உங்கள் நிலத்துக்கு இரண்டாவது பொதுச்சாலை கிடைத்துவிட்டது. தரகர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சில இடங்களில் தெரு முடிவுக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே ஓர் அடி, இரண்டு அடித் துண்டை மட்டும் மனை போட்டவர்கள் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் நீங்கள் வழி கேட்டால் அந்தத் துண்டுக்கு விலை சொல்லத்தான். அதனால் தானப் பத்திரத்தின் நகலில் அளவைப் படியுங்கள். தெருவில் தார் போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

நிலத்தின் ஓரம் பள்ளமோ வாய்க்காலோ ஓடினால், வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் அது நீர்வழிதான். நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். மேலே உயர் அழுத்த மின்கம்பி போனால் அதன் கீழே சைட் வராது. விமானப்படைத் தளத்துக்கு அருகில் என்றால் அவர்களுடைய சான்றும் வேண்டியிருக்கும்.

சரி, பாதிப் பாதிக் கணக்குக்கு வருவோம். 240 சென்ட் என்பது 1,04,544 சதுர அடி. இந்த அளவு நிலத்தில் தெருக்களுக்குக் கால் பங்குக்கு மேல் போகும். 28 விழுக்காடு என்று வையுங்கள். மீதி சுமார் 75,000 சதுர அடி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும். உங்கள் நிலம் ஏறத்தாழ 9,700 சதுர மீட்டர். 10,000ஐத் தாண்டினால் இடமாகத்தான் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே, இடம் விட வசதிப்படாத நிலையில் வழிகாட்டி மதிப்பைக் கட்டவும் விதியில் வழி உண்டு. இடமாகவே விட்டால் விற்கக்கூடியது 68,000 சதுர அடி, அதாவது 155 சென்ட் சொச்சம். அதில் உங்கள் பாதி 78 சென்ட்டைத் தாண்டாது. சென்ட் 8 லட்சத்துக்கு எல்லாமே விற்றாலும் 6 கோடியே 24 லட்சம். தரகர் இன்று கேட்கும் விலைக்கு முழு நிலம் 6 கோடி. வித்தியாசம் 24 லட்சம். அதற்காக அனுமதி, சாலை, விற்பனை என்று சில வருடம் காத்திருக்க வேண்டும், சந்தை படுத்தால் அதையும் சேர்ந்து தாங்க வேண்டும். ஆக, 'பாதி' என்பது கேட்கத்தான் பெரிது. விற்கத்தக்க பரப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் உங்களுக்கு என்று பேசினால்தான் அந்த ஏற்பாட்டில் ஏதாவது பொருள் இருக்கும். அல்லது, இரண்டரை லட்சம் என்பதை உயர்த்திக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டாவது சாலை இருந்தால் உயர்த்திக் கேட்க உங்களுக்குக் காரணமும் இருக்கிறது.

கூட்டாகப் போடுவதில் இன்னொரு சிக்கல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் கொடுத்துப் பங்கு வாங்குபவரும் மேம்பாட்டாளர் கணக்கில் வரலாம். செலவு போடும் கூட்டாளி சாலை போடாமல் போனால் சைட் வாங்கியவர்கள் உங்களையும் கேட்பார்கள். முழு நிலத்துக்கும் ஒரே மூச்சில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு மூலப்பத்திரத்தையும் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வக்கீல் ஆபீஸ் நடைதான். அனுமதி வந்தபின் இத்தனை சைட், சாலை முடிந்தபின் இத்தனை சைட் என்று கட்டம் கட்டமாகவே விற்கும் அதிகாரம் கொடுங்கள்.

மூன்றாவதாக ஒருவர் வருவார், இன்னும் வராவிட்டால் விரைவில் வருவார்: 'அனுமதியே வேண்டாம், பத்துப் பத்துச் சென்ட்டாகப் பண்ணை நிலம் என்று போட்டுவிடலாம்' என்பார். வேண்டாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியபோது மாநிலமே திண்டாடியது. பிறகு வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளை வைத்துத்தான். இன்று புதிதாக அப்படிப் பிரித்து விற்றால், வாங்குபவர் வீடு கட்டப் போகும் நாளில் உங்கள் பெயரைச் சொல்லி அழுவார்.

வரி விஷயத்தில் 'ஊராட்சி நிலம், வரி கிடையாது' என்று அண்ணன் நம்பிக்கொண்டிருக்கலாம். மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல் உள்ள மாநகர எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த விலக்கு இல்லை. அதுவும் சாலைத் தூரம் அல்ல, வான்வழித் தூரம். உங்களுக்கு ஆறு. எனவே மூலதன ஆதாய வரி உண்டு. பூர்வீக நிலத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். விற்ற பணத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வேளாண் நிலம் வாங்கினால் சலுகை உண்டு. ஆனால் விற்பதற்கு முந்தைய இரண்டு வருடம் அங்கே பண்ணையம் நடந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தென்னையை வெட்டி, தரையைச் சமன்படுத்தி, சைட் ஆக்கிவிட்டு விற்றால் இந்தச் சலுகையே கேள்விக்குள்ளாகும். முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

தங்கையை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது 2005இல் மத்தியச் சட்டமானது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதில் இருந்த குழப்பத்தையும் தீர்த்துவிட்டது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கில் அம்மாவுக்கும் உண்டு. சீர் செய்தாகிவிட்டது என்பதெல்லாம் பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது. நான்கு பேரும் உட்கார்ந்து முதலில் பாகப்பிரிவினை எழுதுங்கள். அப்போது அண்ணன் தன் பங்கை விற்கலாம், நீங்கள் வைத்துக்கொள்ளலாம், சண்டையே தேவையில்லை.

என்னைக் கேட்டால் மொத்தத்தையும் விற்க மாட்டேன், பாதிப் பாதிக்கும் போக மாட்டேன். அண்ணன் பங்கை மேற்கு ஓரமாகப் பிரித்து, தெரு முட்டும் பக்கத்தில் கொடுப்பேன். கிழக்கே என் பங்குக்குப் பழைய தடம் போதும். ஒன்றே ஒன்று: சாலை முகப்பு முழுவதையும் விற்றுவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. புணேயில் மகர்பட்டாவில் 120க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, நிலத்தின் அளவுக்குப் பங்கு போட்டுத் தாங்களே நகரம் கட்டினார்கள். தெற்கேயும் கிழக்கேயும் உள்ள தோட்டக்காரர்களோடு பேச்சு உண்டென்றால் சிறிய அளவில் அதை யோசிக்கலாம். பொழிச் சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்தால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

பண்ணையத்தைத் தொடர்ந்தால் மேற்குப் பொழியில்தான் வேலை. மனைப்பிரிவின் மழைநீரும் நாளைக்குச் சாக்கடையும் சரிவு பார்த்து உங்கள் பக்கம்தான் வரும். வீடுகள் எழும்புவதற்கு முன்பே வடிகால் எங்கே போய் முடிகிறது என்று கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுத்து, பெற்ற ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லைக்குள் ஒரு வாய்க்கால் வெட்டி, கரையில் கிளுவை போட்டுவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் லாரித் தண்ணீருக்கு உங்கள் போரைக் கேட்பார்கள். இலவச மின்சாரத்தில் இறைத்த தண்ணீரை விற்றால் அபராதம் தண்ணீர்க் காசைவிடப் பெரிதாக வரும், இணைப்பும் போகலாம்.

அம்மாவுக்கு: சாளையும் கிணறும் சேர்ந்த 20 சென்ட்டைத் தனி உட்பிரிவாக்கி அவர் பெயரிலேயே பட்டா வாங்கிவிடுங்கள். கிணறு அவருடையதாகவே இருக்கட்டும். உங்களுக்கு அதில் எத்தனை பங்கு, எந்த நாளில் தண்ணீர், மோட்டார் எங்கே நிற்கும், பைப் எந்த வழியாக உங்கள் பங்குக்கு வரும் என்று பாகப்பிரிவினையில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் 'சர்வ பாத்தியங்களுடன்' என்று ஒரே வரியில் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.