வார இறுதிச் சிப்பாய்

கேள்வி: நியூஜெர்சியில் என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான், கிரீன் கார்டு இருக்கிறது. தேசியக் காவல் படையில் (நேஷனல் கார்டு எனும் பகுதிநேர ராணுவப் படை) சேர்ந்தால், மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போனால் போதும், பொறியியல் படிப்பு இலவசம் என்கிறார் ஆள் சேர்க்கும் அதிகாரி. சேர்த்துவிடலாமா? (வாசகர், எடிசன்)

பதில்: சேர்த்துவிட அது டியூஷன் வகுப்பல்ல. பதினெட்டு வயது நிறையாத பையனென்றால் உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அதிகாரி பொய் சொல்லவில்லை. அந்த மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் காவல் படையினருக்குப் பருவத்துக்கு 16 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வரை கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதியும் சாப்பாடும் அதில் சேராது. ஆறாண்டுப் பணிக்கு ஒப்புக்கொள்பவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையோ மாதம் 500 டாலரை எட்டாது. அடிப்படைப் பயிற்சி பத்து வாரம், அதன்பின் தொழிற்பயிற்சி தனி. ஒப்பந்தக் காலம், பயிற்சிக்குப் போகும் ஆண்டுகளும் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும் ஆண்டுகளும் சேர்த்து, மொத்தம் எட்டாண்டு. படிப்போ நாலாண்டு.

வார இறுதி என்ற கணக்கு அமைதிக் காலக் கணக்கு. 2003க்குப் பின் ஈராக்குக்கு அனுப்பப்பட்ட காவல் படைப் பிரிவுகள் பல, அழைப்பாணை வந்த நாளிலிருந்து வீடு திரும்ப ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயின. அப்படிப் போய் வருபவரைக் கல்லூரி திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் உண்டு. ஆனால் ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகப் போகும் பொறியியலில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் பாடத்தைத் தவறவிட்டவன் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் கால்குலஸும் பாதி மறந்திருக்கும்.

ஒப்பந்தப் படிவத்தை வாங்கிப் படியுங்கள். ஊதியமும் சலுகைகளும் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. படிவத்திலும் அதன் இணைப்புகளிலும் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்பதைப் பெரிய எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதிகாரி வாயால் சொன்னதை இணைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதை எழுதுகிறார், எதை விடுகிறார் என்று பாருங்கள்.

சீருடை மீது பையனுக்கே ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும், கட்டணச் சலுகை கூடுதல் லாபம். உங்கள் கடிதத்தில் அவன் ஆசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செலவுதான் கவலை என்றால், உங்கள் எடிசனிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் கல்லூரியில் வீட்டிலிருந்தபடி இரண்டாண்டு படித்துவிட்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.