புது உடலுக்குப் புது அளவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் வயிறும் கைகளும் பெருத்துவிட்டன. மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை. பட்டுப் புடைவைகளுக்குத் தைத்த ரவிக்கைகளில் ஒன்றைக்கூடப் போட முடியவில்லை. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். என் உடம்பைப் பேணத் தெரியாதவளாகிவிட்டேனே என்று என்மீதே கோபம் வருகிறது. வருகிற தை மாதம் தங்கை மகளுக்குத் திருமணம். போனால் சித்தியும் அத்தையும் "என்னடி இப்படிக் குண்டாயிட்டே?" என்று கேட்பார்கள். அதற்குள் எப்படியாவது இளைக்க வேண்டும், முடியாவிட்டால் போகாமல் இருந்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: திருமணத்துக்கு அவசியம் போங்கள். மணப்பெண்ணுக்குப் பெரியம்மா நீங்கள். சீர்த்தட்டு ஏந்தி முன்வரிசையில் நிற்க வேண்டியவர். தைக்குள் இளைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் இன்றே கைவிடுங்கள். இரண்டு மூன்று மாதங்கள் பட்டினி கிடந்து குறைக்கும் எடை பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது, நடு வயதில் கரைந்த தசையை மீட்பது எளிதல்ல.

உங்கள்மீது நீங்கள் கோபம் கொள்ளவும் காரணமில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு அது 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு ஏறி இறங்கி, பின்னர் குறைந்துபோவதால், அதுவரை தொடையிலும் இடுப்புக்குக் கீழும் தங்கிய கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. மார்பகத்தில் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுவதால் அதன் வடிவம் தளர்ந்து சற்றே கீழிறங்குகிறது. எடை ஏறாத பெண்ணுக்கும் பழைய ரவிக்கை பொருந்தாமல் போவது இதனால்தான்.

மாற்றத்தை ஏற்றுக்கொள்வது என்றால் உடல்நலத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவது என்று பொருளல்ல. தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்குமான வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கை அளவாகவே வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் முழுமையாக நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். நடையும் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் தொடரட்டும். ஆனால் அவற்றை உடல்நலத்துக்காகச் செய்யுங்கள், பீரோவில் இருக்கும் ரவிக்கைக்காக வேண்டாம்.

இனி அந்த ரவிக்கைகளுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் தையற்காரரிடம் ஓர் 'அளவு பிளவுஸ்' கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது பல ஆண்டுகளுக்கு முன் தைத்ததாக இருக்கும். அதை வைத்தே அடுத்தது, அதை வைத்தே அதற்கடுத்தது என்று பழைய உடலின் அளவே தொடர்ந்து வருகிறது. தையற்காரர் "கொஞ்சம் லூஸ் விடட்டுமா?" என்று கேட்டு, பக்கத் தையலில் அரை அங்குலம் தளர்த்தித் தருவார். ஆனால் நடு வயதில் பிடிப்பது பக்கவாட்டில் மட்டுமல்ல. மேற்கையின் சுற்றளவு, ஆர்ம்ஹோல் என்று அவர்கள் சொல்லும் கை இணையும் இடம், மார்புக்குக் கீழே பட்டி வரும் இடம், மார்பின் வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் டாட் மடிப்பின் முனை நிற்கும் உயரம் ஆகிய அனைத்தும் மாறியிருக்கும். ஆகவே அளவு பிளவுஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, உடலில் நேரடியாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உள்ளாடையின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் உயர்ந்த பகுதியில் ஒரு சுற்று என்று இரண்டு அளவுகளையும் புதிதாக எடுத்து, அதற்கேற்ற உள்ளாடையை அணிந்துகொண்டே ரவிக்கைக்கு அளவு கொடுங்கள். டாட் எங்கே முடிய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தைத்து வந்ததும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் போதாது. கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே ஏறினால் ஆர்ம்ஹோலில்தான் குறை இருக்கிறது. அதைத் திருத்தித் தரச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

பழைய பட்டு ரவிக்கைகளில் எதைக் காப்பாற்ற முடியும் என்று அறிய ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பிப் பாருங்கள். நல்ல தையற்காரர் பக்கவாட்டில் துணியை மடித்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை ஓட்டியிருப்பார். உள்வரிசையைப் பிரித்தால் இரு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலமாவது கிடைக்கும். பட்டில் பழைய ஊசித் துளைகள் கோடாகத் தெரிவது உண்டு. கை தொங்கும் இடம் ஆதலால் அது கண்ணில் படாது. அதுவும் போதவில்லை என்றால், அக்குளிலிருந்து இடுப்புவரை கரையின் நிறத்தில் ஒரு பட்டை சேர்த்துத் தைக்கலாம். இரண்டுக்கும் இடமில்லாத ரவிக்கையை யாருக்காவது கொடுத்துவிட்டு, அந்தப் புடைவைக்குக் கரையின் நிறத்திலேயே புதிய துணி வாங்கி முழங்கைவரை கை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 80 செ.மீ. துண்டு அதற்குப் பற்றாமல் போகலாம். ஒரு மீட்டராக வாங்குவது நல்லது.

பாவாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் அழகைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. வயிறு பெருக்கும்போது புடைவை நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் நாடாவை இன்னும் இறுக்குகிறோம். 2024-இல் மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நாடா உராய்ந்து ஆறாத புண்ணாகி, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு முதிய பெண்களைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். இது அரிதான நோய். ஆனால் இடுப்பைச் சுற்றிக் கறுத்த தழும்பும் அரிப்பும் நம் வீடுகளில் அரிதல்ல. நாடாவுக்குப் பதிலாக மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையான பெல்ட் வைத்துப் பாவாடை தைத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தை அவ்வப்போது சற்று மேலும் கீழும் மாற்றுங்கள். இறுக்கமான நாடா இல்லாதபோது சதை மேலும் கீழும் பிதுங்குவதும் குறையும். வயிற்றை அமுக்கும் ஷேப்வேரை முகூர்த்தம் முதல் பந்தி வரை அணிந்துகொண்டு மூச்சுக்குத் திணற வேண்டாம் என்பதே என் கருத்து.

புடைவைத் தேர்வில், பருமனானவர்கள் அடர்நிறம்தான் கட்ட வேண்டும், பெரிய கரை கூடாது என்ற அறிவுரைகளை நான் ஏற்பதில்லை. காரைக்குடிக் கண்டாங்கியின் அகலக் கரையும் அழுத்தமான மஞ்சளும் சிவப்பும் அறுபது வயதுப் பெண்களை எவ்வளவு கம்பீரமாகக் காட்டுகின்றன என்று செட்டிநாட்டு வீட்டு விசேஷங்களில் பார்க்கலாம். துணி எப்படி விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள். கஞ்சி போட்டு விறைத்த கோரா காட்டன் கொசுவத்தில் உப்பிக்கொண்டு நிற்கும். நைந்த ஜார்ஜெட் உடலோடு ஒட்டும். இரண்டு மூன்று முறை அலசிய கைத்தறிப் பருத்தியும் மென்மையான பட்டும் படிந்து நிற்கும். திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும் தொல்லை இருந்தால், ரவிக்கையின் லைனிங்கைப் பாலியெஸ்டரில் வைக்காமல் மெல்லிய பருத்தியில் வைக்கச் சொல்லுங்கள்.

சித்தி கேட்கத்தான் செய்வார். "ஆமா சித்தி, உடம்பு மாறிடுச்சு. நீங்க எப்படி இருக்கீங்க, முட்டி வலி தேவலையா?" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் பெருத்தோம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது விசாரணையாக நீளும். மீண்டும் மீண்டும் கேட்டால், "அதைப் பத்தி இன்னிக்கு வேண்டாம் சித்தி" என்று தெளிவாகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 54. முழங்கால் வலியோடு புடைவை கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறி இறங்க முடியவில்லை. சுடிதாருக்கு மாறலாம் என்றால், "இந்த வயசுல, இந்த உடம்புக்கு நல்லா இருக்காதும்மா" என்கிறாள் மகள்.
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக மாறுங்கள். 2019-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை விதியில், புடைவையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டாவுடன் அணியும் சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. மகள் நன்றாக இல்லை என்று சொல்வதற்குக் காரணம், அளவு தவறிய சுடிதாரை நீங்கள் போட்டுப் பார்த்ததாக இருக்கக்கூடும். வயிற்றை மறைக்க வேண்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் தோள் இறங்கி, கழுத்து அகன்று, உடல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். தோள்பட்டை எலும்பின் முனையில் தையல் வந்து நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மார்பிலும் இடுப்பிலும் தளர்வு வேண்டுமானால் தைத்துப் போடுவதே மேல். பக்கத் திறப்பு மிகக் கீழே தொடங்கினால் படியேறும்போது தொடையை இழுக்கும். லெக்கின்ஸ் பிடிக்காவிட்டால் நேராக இறங்கும் பருத்தி பேன்ட் அணியலாம். இடுப்பு எலாஸ்டிக் அகலமாக இருக்கட்டும். தைத்து வந்ததும் மகளிடம் போட்டுக் காட்டுங்கள். அப்போதும் அவள் மறுத்தால், பேருந்தில் ஏறப்போவது நீங்கள்தான் என்பதை அன்போடு சொல்லுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக எனக்கு இடது மார்பகத்தை எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வயது 49. உடல் தேறிவிட்டது. வெளியே போகும்போது கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்கிறேன். அது நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருக்கிறேன்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒவ்வொரு நிமிடமும் முந்தானையில் கவனம் வைத்திருப்பது எத்தனை களைப்பு என்பதை உணர்கிறேன். அந்தக் களைப்பைப் போக்க வழி இருக்கிறது.

உங்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனையில் செயற்கை மார்பகம் பற்றிக் கேளுங்கள். சிலிக்கோனில் செய்யப்பட்டது, மறுபக்கத்து மார்பகத்தின் எடைக்கு ஈடாக இருப்பதால் இரு தோள்களும் சமமாக நிற்க உதவும். வீட்டில் அணிவதற்கும் வெயில் காலத்துக்கும் பஞ்சோ நூலோ கொண்டு செய்த இலேசானவை உண்டு. இரண்டுமே நகராமல் இருக்க, உள்ளாடையின் உட்புறத்தில் பை வைத்திருக்க வேண்டும். அப்படித் தயாராக விற்கும் உள்ளாடைகள் கிடைக்காவிட்டால், நீங்கள் வழக்கமாக அணியும் உள்ளாடையின் இடப்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியை மூன்று பக்கம் தைத்து, அக்குள் பக்கத்தைத் திறந்து விட்டால் போதும். வீட்டில் கையாலேயே தைத்துவிடலாம். முந்தானைக்கு ஊக்கு குத்துவதைத் தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்பின்மேல் குத்தினால் ஊசி சிலிக்கோனில் பட்டு, உள்ளிருப்பது கசிந்துவிடும்.

ரவிக்கையின் கழுத்தை முன்னால் உயர்த்தியும், இடக்கையைச் சற்றுத் தளர்வாகவும் தைக்கச் சொல்லுங்கள். அக்குளில் நெறிகட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தக் கையில் நீர் கோத்து வீங்கக்கூடும். ரவிக்கைக் கையின் ஓரம் சதையில் பதிந்து தழும்பு விழுகிறதா என்பதை மாலையில் கவனியுங்கள். கை கனத்தாலோ மோதிரம், வளையல் இறுகினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கழுத்தின் உயரத்தையும் கையின் தளர்வையும் பற்றித் தையற்காரரிடம் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சொல்வதற்கு மனம் இடம் கொடுத்தால், ஒரு பெண் தையற்காரரிடம் சொல்வது எளிதாக இருக்கலாம்.

இவை எதுவும் வேண்டாம், ஒரு பக்கம் தட்டையாகவே இருக்கட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது முழுமையான முடிவுதான். அப்படியே இயல்பாக வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். விருப்பமிருந்தால் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 50. உடம்பு போட்டுவிட்டது என்று விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "நீ அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்கே" என்று ஆறுதல் சொன்னால் கோபப்படுகிறாள். நான் எப்படிப் பேச வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் கண்ணாடியில் தினமும் காண்பதை நீங்கள் இல்லை என்று மறுக்கும்போது, தன் சங்கடத்தை நீங்கள் கேட்கவே இல்லை என்று அவர் நினைக்கிறார். மாறியிருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள்; அது உங்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லுங்கள். "அந்தப் பச்சைப் பட்டு உனக்கு எடுப்பா இருக்கு" என்பதுபோல் குறிப்பாகச் சொல்லும் ஒரு வார்த்தை, பொதுவான புகழ்ச்சியைவிட அவரிடம் போய்ச் சேரும். அவரோடு தையல் கடைக்குப் போங்கள். மாலை நடைக்கு அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் நடங்கள். ஆண்களுக்கான வயிற்றுச் சுற்றளவு எச்சரிக்கை 90 செ.மீ., உங்களுடையதையும் அளந்து பாருங்கள்.

அவர் விசேஷங்களைத் தவிர்ப்பதற்கு உங்கள் பக்கத்து உறவினர்களின் பேச்சு காரணமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அக்காவோ அண்ணியோ அவர் உடம்பைப் பற்றிப் பேசினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வீட்டுக்கு வந்தபின் மனைவியிடம் சமாதானம் சொல்லிப் பயனில்லை. அந்த இடத்திலேயே, மனைவியின் காதில் விழும்படி, "அதை விடுங்கக்கா" என்று சொல்லிவிடுங்கள்.