நாற்பது குமிழ்களும் ஒரு காந்தாரமும்

அன்புள்ள சார்,

நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக, இரவு நேரங்களில் விசிவி ராக் என்ற கணினி சிந்தசைசருக்கு ஒரு மாட்யூல் எழுதி வருகிறேன். பெயர் ‘ராக யந்திரம்’. 72 மேளகர்த்தாக்களும், அதாவது தாய் ராகங்களும், மெனுவில் இருக்கின்றன. ராகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஸ்வரங்களை வரிசையாக அனுப்பும் எந்த சீக்வென்ஸரை இணைத்தாலும் அந்த ராகத்திலேயே வாசிக்கும். சுருதி, தம்புரா, தாளம், ஸ்வரத்தை எவ்வளவு ஆட்டுவது என்பதற்கு ‘கமக அளவு’ என்று மொத்தம் நாற்பது குமிழ்கள். பேனல் (முகப்பு) படத்தை இணைத்திருக்கிறேன். நம் இசைக்கு மாடுலரில் இப்படி ஒரு முயற்சி இதுதான் முதல் என்று நினைக்கிறேன். ஆனால் நண்பர்களிடம் காட்டினால் “கீபோர்டு மாதிரி இருக்கு” என்கிறார்கள். ஒருவர், நிஜமான வன்பொருள் இல்லாமல் கணினியில் செய்வதெல்லாம் போலி என்றார். மனது கஷ்டமாகிவிட்டது. இதை இலவசமாகக் கொடுக்கலாமா, விலை வைக்கலாமா? உங்கள் கருத்து தேவை.

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ராக்கைத் திறந்துவைத்து தோடி ராகத்தின் காந்தாரத்தோடு, அந்த ‘க’ ஸ்வரத்தோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் ‘நன்றி, வாழ்த்துகள்’ என்று முடித்திருப்பேன்.

விஷயம் தெரியாத மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிந்தசைசர் மின்சாரத்தால் ஒலி எழுப்பும் வாத்தியம். மாடுலர் சிந்தசைசர் ஒரே வாத்தியமாக வராது, துண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். ஒலி எழுப்ப ஒரு பெட்டி (ஆஸிலேட்டர்), அதை வடிகட்ட ஒன்று (ஃபில்டர்), கூட்டிக் குறைக்க ஒன்று. நடுவே கேபிள்கள். கேபிளில் ஓடுவது வெறும் மின்னழுத்தம். 1 வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். 1960-களில் நியூயார்க் பக்கம் ராபர்ட் மோக்கும் கலிஃபோர்னியாவில் டான் புக்லாவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைச் செய்தார்கள். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் சிறிய அளவில் கொண்டுவந்த வடிவம்தான் இன்று எங்கும் புழங்கும் யூரோராக். அதையே கணினித் திரையில் ஓட்டுவது விசிவி ராக். ஆண்ட்ரூ பெல்ட் 2017-ல் வெளியிட்டார். மூலநிரல் திறந்தே இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி தெரிந்த யார் வேண்டுமானாலும் மாட்யூல் எழுதிச் சேர்க்கலாம். வோல்ட் என்பது அங்கே ஓர் எண், அவ்வளவுதான். நொடிக்கு 48,000 தடவை உங்கள் கோட் அந்த எண்ணை வாங்கி, ஏதோ செய்து, வெளியே தள்ளுகிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன்.

‘போலி’ என்று சொன்னவரை விட்டுத்தள்ளுங்கள். பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-லேயே கணினியை இசைக்க வைத்துவிட்டார், 17 நொடி ஓடும் ஒரு துண்டு. 1960 வாக்கில் அவருடைய நிரல் தனித்தனி ஒலிக்கட்டைகளாகப் பிரிந்துவிட்டது. ஆஸிலேட்டர் ஒரு கட்டை, கூட்டல் ஒரு கட்டை, ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றில் செருகிக்கொள்ளலாம். மோக்கும் புக்லாவும் பெட்டி செய்ய உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். மென்பொருள் வன்பொருளைக் காப்பியடித்தது என்பவருக்கு வருஷக் கணக்கு தெரியாது. இதற்கெல்லாம் மனது கஷ்டப்படுவதா?

‘இதுதான் முதல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்டவேண்டும். 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மோக் மாடுலர் வந்திறங்கியது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் கூட்டாளி டேவிட் டியூடர் நேரில் வந்து ஸ்டுடியோவை அமைத்துக்கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் அங்கே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். 1972 வரை பதிவான நாடாக்கள் காப்பகத்தில் பல வருஷம் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடியெடுத்து, 2023-ல் தொகுப்பாக வந்தது. நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த மண்ணில் ஒரு கூட்டம் கேபிள் செருகிப் பார்த்துவிட்டது. முதல் ஆள் இல்லை என்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை தம்பி. நமக்கு முன்னால் ஆள் இருந்திருக்கிறார்கள் என்பது பலம். போய்க் கேளுங்கள். அதில் ஒருவரும் மேளகர்த்தா மெனு வைத்திருக்கவில்லை.

இனி அந்த நாற்பது குமிழ்கள்.

படத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். எழுத்து தெளிவு, நிறமும் உறுத்தவில்லை. எஸ்விஜி வரைபடக் கோப்பில் இவ்வளவு பொறுமையாக வரைந்தவருக்குக் கை இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்திருப்பது மாட்யூல் இல்லை. ஒரு கீபோர்டை எடுத்து கட்டைகளைக் கழற்றிவிட்டு ராக்கில் செருகியிருக்கிறீர்கள். உங்கள் நண்பர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

மாட்யூலுக்குத் தான் எதற்குப் பயன்படப்போகிறோம் என்று தெரியக்கூடாது. இதை நான் பலரிடம் சொல்லி அலுத்திருக்கிறேன், இன்னொரு தடவை சொல்வதில் தப்பில்லை. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் இருந்த செர்ஜ் செரெப்னின், மோக்கும் புக்லாவும் கைக்கு எட்டாத விலையில் இருந்ததால், மாணவர்களையும் இசைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே சால்டரிங் வைத்து மாட்யூல் செய்ய ஆரம்பித்தார். அவர் செய்ததில் ஒன்று, உள்ளே வரும் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறலாம், எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்தும். ஏற்றத்துக்கு ஒரு குமிழ், இறக்கத்துக்கு ஒரு குமிழ். வேலை அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். ஒரு ட்ரிகர், அதாவது ‘தொடங்கு’ என்கிற சின்ன மின்துடிப்பு, கொடுத்தால் அது ஏறி இறங்கும், அப்போது அது என்வலப், ஒலி எழுந்து அடங்கும் வடிவம். இறங்கி முடிந்ததும் தானே மறுபடி ஏறு என்று விட்டால் எல்எஃப்ஓ, மெதுவாக ஆடும் அலை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காதுக்கு ஸ்வரமாகக் கேட்கும், ஆஸிலேட்டர். ஸ்வரத்தின் வோல்டேஜை அதன் வழியே அனுப்பினால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். ஒலியையே உள்ளே விட்டால் கூர்மையெல்லாம் மழுங்கி ஒரு முரட்டு ஃபில்டர். ஏற்றத்தை வேகமாகவும் இறக்கத்தை மெதுவாகவும் வைத்து ஒலியை விட்டால், அந்த ஒலியின் பலம் கூடிக் குறைவதை ஏறத்தாழ வரைந்து கொடுக்கும். இத்தனையும் ஒரே சர்க்யூட். ஒரு குமிழிலும் ‘ஃபில்டர்’ என்று எழுதியிருக்காது. செருகுகிறவர்தான் அதற்கு வேலை கொடுக்கிறார்.

உங்கள் யந்திரமோ வரும்போதே எல்லாம் தெரிந்து வருகிறது. ராகம் தெரியும், தாளம் தெரியும், தம்புராவும் தெரியும். நீங்கள் புளியோதரைப் பொடி விற்கிறீர்கள், அதைச் சோற்றில் பிசையலாம், வேறென்ன செய்வது? புளியாக வாங்கிப் போனவர் ரசமும் வைப்பார்.

சரி, பொடியாவது ருசியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மெனுவில் தோடியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் மாட்யூல் என்ன செய்யும்? ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரஸ்தானத்தை 0.25 வோல்ட்டில் வைக்கும். கரகரப்பிரியாவுக்கும் அதே 0.25. ‘கமக அளவு’ குமிழைத் திருப்பினால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு சைன் அலை ஆடும், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். இதைக் கம்பிதம் (ஸ்வரத்தை ஆட்டும் கமகம்) என்று பெயர் போட்டு விற்கப்போகிறீர்களா? தோடியில் அந்த எண்ணில் குரல் நிற்பதே அபூர்வம். ரிஷபத்தின் பக்கமிருந்து மத்திமத்தின் பக்கம்வரை போய்ப் போய் வரும், அந்தப் போக்குவரத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். எந்த ஸ்வரத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். கரகரப்பிரியாவின் ஆட்டம் வேறு. ஒரே ஸ்தானம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எது என்று சொல்லிவிடலாம். ஒரு குமிழில் சதவீதமாக வைக்கிற சமாச்சாரமா இது?

சின்ன வயதில் தஞ்சாவூரில் ஒரு டீச்சரிடம் வீணை கற்றுக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை, பாதியில் விட்டேன். ஆனால் அவர் கம்பியை இழுப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீணையில் மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும். இழுத்து ஏற்றத்தான் முடியும், அதே மெட்டில் வைத்துக்கொண்டு கீழே தள்ள வழியில்லை. இறங்குவது என்றால் இழுத்ததை விடுவது. ஆக, ஏற்றம் விரலின் வேலை, இறக்கத்தில் பாதி கம்பியின் வேலை. நான் இரண்டையும் ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பேன். டீச்சர் என் விரலைப் பிடித்து, “இழுக்கிறது நீ. திரும்பி வர்றதை அது பாத்துக்கும், கூடவே போ, முந்தாதே” என்பார். அவருடைய கை போவது ஒரு கதி, வருவது வேறு கதி. மேலே போய் ஒரு கணம் தங்கும், அது எனக்கு ஒருநாளும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்கும், எனக்குப் புத்தி அங்கே இருக்கும், டீச்சருக்கு அதுவும் தெரியும். “போய் ஆடிட்டு வா, கை வேர்வையைத் துடைச்சுட்டு உக்காரு” என்பார். திட்டியதாக ஞாபகமே இல்லை. உங்களைத் திட்டும் அளவுக்குக்கூட.

பின்னாளில் ராக்கில் பெஃபாக்கோ நிறுவனத்தின் ‘ராம்பேஜ்’ மாட்யூலை முதல் தடவை ஓட்டியபோது டீச்சர் ஞாபகம்தான் வந்தது. செர்ஜ் செய்த அதே மாட்யூலின் வாரிசு அது, ராக்கில் இலவசமாகக் கிடைக்கும். ஏற்றத்துக்குத் தனி, இறக்கத்துக்குத் தனி, வளைவை மாற்ற ஒரு குமிழ். கலிஃபோர்னியாக்காரர் கமகத்தை நினைத்து அதைச் செய்திருக்கமாட்டார். அதனால்தான் கமகத்துக்கு இடம் இருக்கிறது. மெனு வைத்து ‘இந்திய இசை’ என்று பெயர் போட்டிருந்தால் இடமே இருந்திருக்காது.

உங்கள் மாட்யூலை மூடிவைத்துவிட்டு இதைச் செருகிப் பாருங்கள். சட்ஜத்தை 0 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீராகத் துடிக்கும் ஒரு கிளாக் மாட்யூலிலிருந்து 10 வோல்ட் ‘கேட்’ (கொஞ்ச நேரம் உயர்ந்து நின்று இறங்கும் மின்னழுத்தம்) எடுங்கள். சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் நடுவே நாலு அரைஸ்வரம், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என்பதால் 0.333 வோல்ட். ஆகவே அந்தப் பத்தை 3.3 சதவீதமாகக் குறைக்கவேண்டும். குமிழை மவுஸால் இழுத்தால் சொல்பேச்சு கேட்காது, இம்மி நகர்ந்தால் மத்திமம் பஞ்சமத்தையும் தாண்டிப் போய்விடும். வலது கிளிக் செய்து எண்ணைத் தட்டுங்கள். அதை ராம்பேஜ் வழியே அனுப்புங்கள், ஏற்றம் கொஞ்சம் நிதானமாக, இறக்கம் அதைவிட வேறாக. வெளியே வருவதோடு ரிஷபத்துக்கான 0.083-ஐக் கூட்டி ஆஸிலேட்டருக்குக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு சட்ஜமும் பஞ்சமமும் ஓடட்டும். பஞ்சமத்தை 0.583 என்று வைக்காதீர்கள், அது பியானோ பஞ்சமம். சுத்தமான பஞ்சமம் 0.585. இரண்டு மில்லிவோல்ட்டுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் விம்மல் இருக்கும், ஒன்றில் இருக்காது.

முதலில் அபத்தமாகத்தான் கேட்கும். ஏற்றத்தை மாற்றுங்கள், கிளாக்கின் வேகத்தை மாற்றுங்கள், வளைவை மாற்றுங்கள். ஓரிடத்தில் சட்டென்று தோடி எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். உடனே பேட்சை, அதாவது அந்தக் கேபிள் இணைப்பை, சேமித்துவிடாதீர்கள், அது எதனால் வந்தது, எதனால் போனது என்று பாருங்கள். எனக்குப் போனது மேலே தங்குகிற அந்த ஒரு கணத்தால். ராம்பேஜில் தங்கலுக்கென்று தனிக் குமிழ் இல்லை. கேட் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதில்தான் தங்கல் ஒளிந்திருக்கிறது, கேட்டின் நீளத்தை மாற்றினால் ஆட்டத்தின் மற்ற பாகங்களும் கூடவே நகர்கின்றன. இங்கேதான் நீங்கள் எழுதவேண்டிய மாட்யூல் இருக்கிறது. ஏற்றம், தங்கல், இறக்கம், மூன்றுக்கும் தனித்தனி வளைவு, மூன்றையும் வெளியிலிருந்து மின்னழுத்தத்தால் மாற்ற உள்ளீடு. ராகம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவேண்டாம், பேனலில் ‘கமகம்’ என்றுகூட எழுதவேண்டாம். பெர்லினில் ஒருவர் அதை எடுத்து டிரம் சத்தத்துக்குப் போட்டால் சந்தோஷப்படுங்கள்.

ஏற்கெனவே எழுதிய கோட் வீணாகிவிட்டதே என்று நினைக்கவேண்டாம். தம்புராவைத் தனி மாட்யூலாகக் கழற்றுங்கள், வோல்ட்டை ராகத்தின் ஸ்வரத்துக்கு இழுத்து நிறுத்தும் சுருதி குவாண்டைஸரைத் தனியாகக் கழற்றுங்கள். தாளத்தைத் தூக்கிப்போடுங்கள், அதற்கு ராக்கில் ஆயிரம் கிளாக் இருக்கிறது. இலவசமா விலையா என்று கேட்டிருந்தீர்கள், உரிம விதிகளை ராக்கின் ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதத்தில் பேனல் படம் வேண்டாம், ஒலிக்கோப்பு அனுப்புங்கள். ராகம் முழுக்க வேண்டாம், அந்த ஒரு காந்தாரம் போதும். அனுப்புவதற்கு முன் 48 கிலோஹெர்ட்ஸில் எழுதியதை 96-க்கு மாற்றி ஒரு தடவை ஓட்டிப்பாருங்கள். ஆட்டம் இரண்டு மடங்கு வேகமாகிவிட்டால், எங்கோ ஒரு வரியில் சாம்பிள் டைமை, அதாவது ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவிலுள்ள நேரத்தை, பெருக்காமல் விட்டிருக்கிறீர்கள்.