வாசகர் கேள்வி பதில்: முதல் ஆட்டத்தின் ஸ்கோரை எவ்வளவு நம்பலாம்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை, ஆட்டத்துக்கு முந்தைய நாள் வெளியாகும் முன்னோட்டங்களை எப்படிப் படிப்பது என்று கேட்பவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: முன்னோட்டங்களில் ‘கான்ஃபரன்ஸ் ஆட்டம்’ என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால் ‘மாநாட்டு விளையாட்டு’ என்று வருகிறது. நவம்பரில் நடக்கும் ஆட்டத்துக்கும் ஜனவரியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கும் அப்படி என்ன வேறுபாடு?

பதில்: செயலியை மன்னித்துவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டுக்காகத் தங்களுக்குள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்புக்கே அங்கே கான்ஃபரன்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்து மாநிலக் கல்லூரிகள் ஒன்றாக இருந்தன. இப்போது அந்த நிலவியல் கணக்கு கலைந்துவிட்டது. 2024இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யில் சேர்ந்ததால் அங்கே 16 கல்லூரிகள் ஆயின. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் இரண்டு பெரிய கல்லூரிகள் உட்பட நான்கு மேற்குக் கடற்கரைக் கல்லூரிகள் சேர்ந்ததால் பிக் டென் 18 கல்லூரிகளாக விரிந்தது. பெயரில் இன்னும் பத்துதான் இருக்கிறது.

நவம்பரிலும் டிசம்பரிலும் யாருடன் ஆடுவது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துகொள்ளும். அதனால் வலுவான அணி ஒன்று எளிய எதிரணிகளை வரவழைத்து 40 புள்ளி வித்தியாசத்தில் வெல்வதும் நடக்கும். புத்தாண்டையொட்டித் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை நீளும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் அந்தச் சலுகை கிடையாது. பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள். எதிரணி எந்தப் பக்கம் திரும்பி வீசும், யார் இடது கையால் பந்தைத் தட்டத் தடுமாறுவார் என்பதெல்லாம் காணொளியில் பார்த்துப் பாடமானவை. கான்ஃபரன்ஸின் இறுதித் தொடரை வெல்லும் அணிக்கு 68 அணிகள் ஆடும் தேசியத் தொடரில் நேரடி இடமும் உண்டு. 2025இல் அப்படி 31 அணிகள் நுழைந்தன; மீதி 37 இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பியது. சிறிய கான்ஃபரன்ஸ்களில் பெரும்பாலும் அந்த ஒரே இடத்துக்காகவே போராட்டம். பெரிய கான்ஃபரன்ஸ்களிலோ கேள்வி வேறு: தரவரிசையில் முதல் 16 இடங்களுக்குள் வந்தால் தேசியத் தொடரின் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த அரங்கிலேயே ஆடலாம். ஜனவரி மாதத்து வியாழக்கிழமை இரவு ஆட்டம் ஒன்றுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

கேள்வி: 2025 ஜனவரி 12 அன்று சவுத் கரோலைனா 67-50 என்று டெக்சஸை வென்றது. நான்கே வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, டெக்சஸ் 66-62 என்று வென்றது. 17 புள்ளி வித்தியாசம் எங்கே போயிற்று? முதல் ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து இரண்டாவது ஆட்டத்தைக் கணிப்பதில் பயனே இல்லையா?

பதில்: பயன் உண்டு, ஆனால் வித்தியாசத்தைப் பார்க்காமல், இரண்டு அணிகளின் புள்ளிகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் இவ்விரு அணிகளும் நான்கு முறை மோதின. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு, மார்ச் 9 அன்று எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலைனா 64-45 என்றும், ஏப்ரல் 4 அன்று தேசிய அரையிறுதியில் 74-57 என்றும் வென்றது. இப்போது சவுத் கரோலைனாவின் புள்ளிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 67, 62, 64, 74. தோற்ற ஆட்டத்துக்கும் 19 புள்ளியில் வென்ற ஆட்டத்துக்கும் இடையே அது எடுத்த புள்ளிகளில் இரண்டுதான் வேறுபாடு. டெக்சஸின் வரிசை வேறு கதை: 50, 66, 45, 57. ஆக, இந்த இரண்டு அணிகளும் மோதியபோதெல்லாம் ஆட்டத்தின் முடிவு ஒரே கேள்வியில் தொங்கியது. டெக்சஸ் அறுபதைத் தாண்டுமா, தாண்டாதா என்பதே அது. முன்னோட்டம் எழுதுபவர் இந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வரிகள் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம்.

டெக்சஸ் ஏன் இப்படி ஏறி இறங்கியது? பயிற்சியாளர் விக் ஷேஃபரின் அணி, தொலைவிலுள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சை மிகக் குறைவாகவே நம்பியது. தடுப்பாட்டத்தில் பந்தைப் பறிப்பது, தவறிய வீச்சை மீண்டும் கைப்பற்றுவது, கூடைக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்திலிருந்து வீசுவது ஆகியவைதான் அதன் பிழைப்பு. அந்த இடைத்தூர வீச்சில் கைதேர்ந்தவர் மேடிசன் புக்கர். இரண்டு தட்டு தட்டிச் சட்டென்று நின்று, தடுப்பவர் பின்வாங்கும் அந்த அரை நொடியில் எம்பி வீசிவிடுவார். பிப்ரவரி ஆட்டத்தில் அவர் 20 புள்ளிகளும் 11 ரீபவுண்டுகளும் (தவறிய வீச்சைக் கைப்பற்றுவது) எடுத்தார். ஆனால் இத்தகைய வீச்சுகள் விழாத நாளில், மூன்று மூன்றாகச் சேர்த்து விட்டதைப் பிடிக்கும் வழி அந்த அணிக்கு இல்லை. உயரமும் ஆள்பலமும் உள்ள சவுத் கரோலைனா போன்ற அணி எதிரே நிற்கும்போது இந்தக் குறை இரண்டு மடங்காகத் தெரியும்.

இடத்தையும் மறக்க வேண்டாம். முதல் ஆட்டம் சவுத் கரோலைனாவின் கொலம்பியா நகரில். இரண்டாவது டெக்சஸின் ஆஸ்டினில். எஸ்.இ.சி. அட்டவணையில் அந்தப் பருவம் ஒவ்வோர் அணிக்கும் 16 ஆட்டங்கள்; எதிரணிகளோ 15. அதாவது ஒரே ஓர் அணியுடன் மட்டும் இரு முறை ஆட நேரும். இவ்விரு அணிகளுக்கும் அந்த ஒன்று மற்றொன்றாக அமைந்தது. விளைவு வேடிக்கையானது: ஒன்றிடம் மற்றொன்று தலா ஒரு முறை தோற்று, மற்ற எல்லாரையும் வென்று, இரண்டும் 15-1 என்று சமமாக முடித்தன. நேரடி மோதலும் சமம், மற்ற அணிகளுக்கு எதிரான கணக்கும் சமம் என்பதால் முதலிடத்தைத் தீர்மானிக்க நாணயம் சுண்ட வேண்டியதாயிற்று. அதில் சவுத் கரோலைனா வென்றது. இரண்டு மாத உழைப்பைப் பூவா தலையாவில் முடிப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் இதைவிட நியாயமான வழியையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: ‘ஆட்டத்துக்குச் சராசரி 76 புள்ளி எடுக்கும் அணி’ என்று எழுதுகிறார்கள். அந்த அணி 68 சராசரி உள்ள அணியிடம் தோற்றுப்போகிறது. சராசரி பொய்யா?

பதில்: சராசரி பொய் இல்லை, அது வேகத்தையும் திறமையையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பந்து ஓர் அணியின் கைக்கு வந்து, வீச்சிலோ பறிகொடுப்பிலோ எதிரணிக்குப் போகும் வரை உள்ள காலத்தை ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓடியாடும் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 80 வாய்ப்புகள் கூடக் கிடைக்கலாம்; நிதானமாக ஆடும் அணிக்கு 66தான் கிடைக்கலாம். 80 வாய்ப்பில் 76 புள்ளி எடுத்தால் வாய்ப்புக்கு 0.95, 66 வாய்ப்பில் 68 எடுத்தால் 1.03. மெதுவான அணியே நல்ல தாக்குதல் அணி என்பது இப்போது தெரியும். இரண்டும் மோதி, ஆட்டம் 70 வாய்ப்புகளில் முடிந்தால், ஏறத்தாழ 72-66 என்று பின்னதற்கே சாதகம்.

இதை நீங்களே கணக்கிடலாம். ஆட்டப் புள்ளிவிவரத்தில் வீச்சு முயற்சிகளை எடுத்துக்கொண்டு, தாக்குதல் ரீபவுண்டுகளை (தன் அணியின் தவறிய வீச்சைத் தானே கைப்பற்றியவை) கழித்து, டர்ன்ஓவர்களை (வீசாமலே பந்தைப் பறிகொடுத்தவை) கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடுப்பில்லாத வீச்சு) முயற்சிகளில் ஏறத்தாழப் பாதியைச் சேர்த்தால் போதும். 60 முயற்சி, 10 தாக்குதல் ரீபவுண்ட், 14 டர்ன்ஓவர், 16 ஃப்ரீ த்ரோ என்றால் 72 வாய்ப்புகள். டீன் ஆலிவர் என்ற புள்ளியியலாளர் ஆட்டத்தை வீச்சுத் திறன், டர்ன்ஓவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என்று நான்காகப் பிரித்து, இதே வரிசையில்தான் முக்கியத்துவம் தந்தார். முன்னோட்டத்தில் இந்த நான்கும் இல்லாமல் வெறும் புள்ளிச் சராசரி மட்டும் இருந்தால் அதை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

இன்னொன்று. ஜனவரி நடுவில் நீங்கள் பார்க்கும் சராசரியில் நவம்பர் மாதத்து எளிய ஆட்டங்களும் கலந்திருக்கும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு கிடைத்தால் அதையே நம்புங்கள். ஆனால் நான்கைந்து ஆட்டங்களாவது முடிந்த பிறகு.

கேள்வி: ‘ஃபவுல் சிக்கல்’ பற்றி ஒவ்வொரு முன்னோட்டத்திலும் ஒரு பத்தி வருகிறது. ஆண்கள் ஆட்டத்தைவிட மகளிர் ஆட்டத்தில் இதற்கு ஏன் இவ்வளவு இடம்?

பதில்: விதி வேறு என்பதால். கல்லூரி ஆண்கள் ஆட்டம் தலா 20 நிமிட இரண்டு பாதிகள். மகளிர் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து தலா 10 நிமிட நான்கு கால்பகுதிகள். ஒரு கால்பகுதியில் எதிரணி ஐந்தாவது ஃபவுலைச் செய்ததும் இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கத் தொடங்கும். அடுத்த கால்பகுதி தொடங்கியதும் அந்தக் கணக்கு அழிந்து பூஜ்யமாகும். எனவே கால்பகுதியின் நான்காவது நிமிடத்திலேயே நான்கு ஃபவுல்களைச் செய்துவிட்ட அணி, மீதி ஆறு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு தடுக்க வேண்டியிருக்கும். தனி ஆட்டக்காரரின் ஃபவுல் மட்டும் அழியாது. ஐந்தானால் வெளியேற வேண்டும்.

ஆகையால் முன்னோட்டத்தில் முக்கியமான கேள்வி, நட்சத்திரம் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதைவிட, அவர் இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு பெஞ்சில் உட்காரும் ஏழெட்டு நிமிடங்களை யார் ஆடுவார் என்பதே. பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் சவுத் கரோலைனா இங்கேதான் பல ஆண்டுகளாகக் காய் நகர்த்துகிறது. 2024-25இல் அந்த அணிக்காக மிகுதியான புள்ளி எடுத்த ஜாய்ஸ் எட்வர்ட்ஸ் தொடக்க ஐவரில் ஒருவராக இல்லாமல் பெஞ்சிலிருந்து வந்தவர். மிலேசியா ஃபுல்வைலியும் அப்படியே. தொடக்க ஐவரின் சராசரிகளை மட்டும் ஒப்பிட்டு எழுதிய முன்னோட்டங்கள் அந்த அணியைப் பாதிதான் பார்த்தன.

கேள்வி: காயப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

பதில்: பட்டியலை நம்பலாம், அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். எஸ்.இ.சி.யில் 2024-25 முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன்பு யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை அணிகள் அளிக்கின்றன. ஆட்ட நாளில் அது புதுப்பிக்கவும் படுகிறது. முன்னோட்டம் முதல் நாள் எழுதப்பட்டது என்றால், ஆட்டத்துக்கு முன் அறிக்கையை மறுபடி பார்த்துவிடுவது நல்லது. ஆனால் 2025 ஜனவரி தொடக்கத்தில் சவுத் கரோலைனாவின் ஆஷ்லின் வாட்கின்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தையே இழந்தார். கூடைக்கு அடியில் ரீபவுண்டுகளை அள்ளுபவர் அவர். அதற்கு அடுத்த வாரம்தான் டெக்சஸுடனான முதல் ஆட்டம். சவுத் கரோலைனா 17 புள்ளியில் வென்றது.

கேள்வி: சொந்த அரங்கு எவ்வளவு உதவும்?

பதில்: உதவும், ஆனால் கோட்டைச் சுவர் இல்லை. 18,000 பேர் அமரும் கொலம்பியா அரங்கில் சவுத் கரோலைனா தொடர்ந்து 71 ஆட்டங்களை வென்றிருந்தது. ஆஸ்டினில் தோற்ற ஒரே வாரத்தில், 2025 பிப்ரவரி 16 அன்று, அங்கேயே கனெக்டிகட்டிடம் 87-58 என்று தோற்றது.

கேள்வி: ‘கடைசி வீச்சு யாருடைய கையில்?’ என்று முன்னோட்டங்களில் ஊகிக்கிறார்களே, அது எப்போதாவது சரியாக வந்திருக்கிறதா?

பதில்: பல முறை வந்திருக்கிறது, வராத ஒன்றைச் சொல்கிறேன். 2024 மார்ச் 9, எஸ்.இ.சி. அரையிறுதி. டென்னிசி 73-71 என்று முன்னிலை, மீதி 1.1 நொடி. மகளிர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்தால் பந்தை எதிரணிப் பாதிக்கு நகர்த்தி உள்ளே எறியலாம் என்ற விதி உண்டு. சவுத் கரோலைனாவில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். பந்து போய்ச் சேர்ந்ததோ, கூடைக்கு அடியிலேயே ஆடிப் பழகிய, ஆறடி ஏழு அங்குல உயரமுள்ள கமிலா கார்டோசோவிடம். கோட்டுக்கு வெளியே நின்றபடி வீசினார். பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் இறங்கியது. 74-73. கல்லூரி ஆட்டத்தில் அவர் அதுவரை ஒரு மூன்று புள்ளி வீச்சைக்கூட உள்ளே போட்டதில்லை.