நாலு டயரும் ஒரே செட்

கேள்வி: என்னுடையது ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும்) செடான். டயர் சைஸ் 225/45 ஆர் 17. முன்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்டயர்களில் இன்னும் 5 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது. முன்னால் மட்டும் இரண்டு ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டால் போதுமா? மழையிலும் எப்போதாவது லேசான பனியிலும் ஓட்டுகிறேன். எந்த டயரைப் பார்ப்பது?

பதில்: போதாது. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. இருக்கும். உங்கள் பின்டயரில் 5. ஆரத்தில் 3 மி.மீ. குறைந்தால் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மி.மீ. குறையும். உங்கள் டயரின் சுற்றளவே 2 மீட்டர்தான். ஆக, கிலோமீட்டருக்கு 500 சுற்று சுற்றும் இடத்தில் பின்சக்கரங்கள் ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும், நேர் ரோட்டில் சும்மா இருக்க வேண்டிய நடு டிஃபரென்ஷியலும் கிளட்ச்சும் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துச் சூடேறும்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். என் காரில் பக்கச்சுவர் கிழிந்த ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றி, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து, பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி திக்கித் திக்கி நகர்ந்தது. முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை இறக்கினால் கறுப்பாக வந்தது, கருகல் வாடையோடு. சில கார் தயாரிப்பாளர்கள் நான்கு டயருக்குள் 2 மி.மீ. வித்தியாசத்தைக்கூட ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் காரின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, எந்த டயர்? ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எந்தக் காரும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது. அதனால் டெஸ்ட் அறிக்கைகளில் ஈர ரோட்டில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். டயர் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்ணைத் தருவது டயர் கம்பெனியேதான், ஒரு பிராண்டின் 500-ஐ இன்னொன்றின் 560-ஓடு ஒப்பிட்டுப் பெரிய பலனில்லை.

பனி விஷயத்தில் பக்கச்சுவரைப் படியுங்கள். ‘எம்+எஸ்’ (மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும்) என்பது ட்ரெட்டின், அதாவது ரோட்டைத் தொடும் மேற்பரப்பின், பள்ள அமைப்பைப் பற்றிய அடையாளம் மட்டுமே. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருந்தால், பனியில் அதன் பிடிப்பைச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் உறைந்த ஐஸுக்கு உத்தரவாதம் இல்லை. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-இல் இந்த முத்திரை உண்டு. கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸில் எனக்குப் பிடித்த ஒன்று: டி (டிரை, உலர்ந்த ரோடு), டபிள்யூ (வெட், ஈரம்), எஸ் (ஸ்னோ, பனி) என்ற எழுத்துகளை ட்ரெட்டிலேயே பதித்திருக்கிறார்கள். எஸ் தேய்ந்து மறைந்தால் அந்த டயரைப் பனிக்கு நம்பக் கூடாது. உங்கள் தேவைக்கு இரண்டில் எதுவும் சரிவரும். மாதக்கணக்கில் ரோடு உறைந்து கிடக்கும் இடமென்றால் மட்டும் தனி விண்டர் செட் வாங்குங்கள்.

லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) வேகக் குறியீடும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. பொருத்தும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம்.

அப்புறம், 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். இந்த முறை முன்டயர்கள் மட்டும் முந்திக்கொண்டு தேய்ந்ததற்கு அதைச் செய்யாததே காரணமாக இருக்கலாம். அலைன்மென்ட்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.